டொமைன் அத்தாரிட்டி இறங்கினால் யாருக்கு என்ன ஆகிறது?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலும் அதைச் சுற்றியும் தொழில் நடத்தும் தமிழர்களின் இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேலைக்கடை, கேட்டரிங், டியூஷன் நிலையம், திருமண அலங்காரம், சித்த மருந்துக் கடை என்று எல்லா வகையும் உண்டு. முன்பெல்லாம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கூகுள்ல தேடினா நம்ம கடை வருதாம்மா?" இப்போது "நம்ம டிஏ எவ்வளவு?" என்கிறார்கள். அது இரண்டு புள்ளி இறங்கினாலே போன் வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

டிஏ என்று சுருக்கிச் சொல்லும் டொமைன் அத்தாரிட்டி, ஒரு தளத்துக்கு மற்ற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை வைத்துப் போடும் மதிப்பெண். அது கூகுள் போடுவது இல்லை. அதைப் போடுவது மோஸ் என்ற அமெரிக்க நிறுவனம். டிஆர் என்று சொல்லப்படும் டொமைன் ரேட்டிங்கைப் போடுவது ஏஹெச்ரெஃப்ஸ். அதன் தலைமையகம் நம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். செம்ரஷ் வைத்திருப்பது அத்தாரிட்டி ஸ்கோர். மெஜஸ்டிக் வைத்திருப்பது டிரஸ்ட் ஃப்ளோ. இந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இணையத்தைத் தாமாகவே மேய்ந்து, யார் யாருக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, தம் சொந்தச் சூத்திரத்தில் போட்டு 100க்கு இத்தனை என்று சொல்கின்றன. ஒரே தளத்துக்கு ஒரு கருவியில் 31 இருக்கும், இன்னொன்றில் 12 இருக்கும். இரண்டும் தவறில்லை. எடுத்த பட்டியல் வேறு, போட்ட கணக்கு வேறு. டிஏ கூகுளின் தரவரிசைக் காரணி இல்லை என்று மோஸே தன் விளக்கப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. கூகுளின் ஜான் முல்லரும் இதையே பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்.

பிறகு ஏன் இந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை? அதற்குக் கூகுள்தான் விதை போட்டது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் கணக்கு, ஒரு பக்கத்தின் முக்கியத்துவத்தை அதற்கு வரும் இணைப்புகளை வைத்து அளந்தது. இணைப்புக் கொடுக்கும் பக்கம் எவ்வளவு முக்கியமானது என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. 2000இல் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பார் வந்தது. அதில் இந்த எண்ணை 0 முதல் 10 வரை சுருக்கி, பச்சைப் பட்டையாக எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த எண்ணுக்கு விலை வந்தது. "பேஜ்ரேங்க் 6 தளத்திலிருந்து இணைப்பு, இவ்வளவு டாலர்" என்று வெளிப்படையாக வியாபாரம் நடந்தது. 2013 டிசம்பருக்குப் பிறகு கூகுள் அந்த எண்ணைப் புதுப்பிக்கவில்லை. 2016இல் டூல்பாரிலிருந்தே எடுத்துவிட்டது. எண் போனாலும் இணைப்பை விற்கிறவரும் வாங்குகிறவரும் போகவில்லை. அவர்களுக்கு விலைச்சீட்டு ஒன்று வேண்டியிருந்தது, டிஏவும் டிஆரும் கையில் இருந்தன.

ஈசூனில் கேட்டரிங் நடத்தும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வளைகாப்பு, புதுமனை புகுவிழா, பிறந்தநாள், கோயில் உபயம் என்று வாரக்கடைசி முழுக்க அவருக்கு ஆர்டர் இருக்கும். தளத்தை அப்போது வேறொரு நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் அனுப்பிய மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய சிவப்பு அம்புக்குறி: டிஏ 23லிருந்து 16. அடுத்த பக்கத்தில் ஒரு விலைப்பட்டியல். ஆறு மாதத்துக்கு மாதந்தோறும் இத்தனை இணைப்புகள் "கட்டி" அத்தாரிட்டியை மீட்டுத் தருவதாக. தொகை பல ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி. அக்கா என்னைக் கூப்பிட்டபோது குரலே சரியில்லை. "தங்கச்சி, கூகுள் நம்மளத் தள்ளி வச்சிடுச்சாம். புது அடுப்புக்குச் சேர்த்து வச்ச காசு இருக்கு. அதை எடுத்துக் கட்டிடவா?"

"இப்ப கட்டாதீங்க அக்கா, முதல்ல சர்ச் கன்சோலைத் திறங்க" என்றேன். அது கூகுளே இலவசமாகக் கொடுப்பது. எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். டிஏ இறங்கியதாகச் சொன்ன அதே வாரங்களில் அவருடைய கிளிக்குகள் குறையவில்லை, கொஞ்சம் கூடவே இருந்தன. சைவ கேட்டரிங், வளைகாப்புச் சாப்பாடு போன்ற தேடல்களில் இடம் மாறவே இல்லை. அடுத்து, அவரோடு போட்டி போடும் மூன்று கேட்டரிங் தளங்களின் டிஏவைப் பார்த்தேன். மூன்றும் இறங்கியிருந்தன. ஒரே தொழிலில், ஒரே ஊரில் இருக்கும் நான்கு தளங்களும் ஒரே நேரத்தில் ஒரே அளவுக்குக் கெட்டுப்போக முடியுமா? கருவியின் பக்கத்தில்தான் ஏதோ மாறியிருந்தது. இழந்த இணைப்புகள் என்று அறிக்கை காட்டிய பட்டியலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவை யாரும் படிக்காத வணிக விவரத்தொகுப்புத் தளங்கள். சந்தா கட்டாமல் டொமைன் காலாவதியாகி மறைந்துபோனவை. அவற்றின் வழியாக அக்காவுக்கு ஒரு தட்டு இட்லிகூட விற்றிருக்காது.

அந்த விலைப்பட்டியலுக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை.

நீங்கள் எதுவும் செய்யாமலே மதிப்பெண் இறங்குவதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தை விற்பவர்களுக்கு இந்த இடம்தான் வசதி. பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதிய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது எளிதில் புரியும். பழைய டி-ஸ்கோர் முறையில் உங்கள் பிள்ளை எடுத்த மதிப்பெண் அப்படியே இருந்தாலும், மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து டி-ஸ்கோர் மாறும். 2021இல் அந்த முறையையே மாற்றி அடைவுநிலைக்குக் கொண்டுபோனார்கள். முறை மாறியதால் எந்தப் பிள்ளையின் அறிவும் மாறிவிடவில்லை. டிஏவும் டிஆரும் அப்படித்தான் ஒப்பீட்டு எண்கள். உச்சியில் இருக்கும் யூடியூப், விக்கிப்பீடியா மாதிரியான தளங்களுக்கு மேலும் கோடிக்கணக்கில் இணைப்புகள் சேரும்போது அளவுகோல் நீள்கிறது. கீழே இருக்கும் சின்னத் தளம் தன் இணைப்புகளை அப்படியே வைத்திருந்தும் ஓரிரு புள்ளி இழக்கிறது. அதோடு இவை மடக்கை அளவுகோல்கள். 10லிருந்து 20க்குப் போவது எளிது, 70லிருந்து 80க்குப் போவது மிகக் கடினம். 15இல் இருக்கும் தளம் 12க்கு இறங்குவதும், 75இல் இருக்கும் தளம் 72க்கு இறங்குவதும் ஒன்றல்ல. அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே நீளத்தில் சிவப்பு அம்பு போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சூத்திரமே மாறுவதும் உண்டு. மோஸ் 2018இல் தன் இணைப்புப் பட்டியலைப் புதிதாகக் கட்டி லிங்க் எக்ஸ்புளோரர் என்று வெளியிட்டது. 2019 மார்ச்சில் டிஏவின் கணக்கு முறையையே மாற்றியது. அதுவரை இருந்த எளிய மாதிரியை விட்டுவிட்டு நியூரல் நெட்வொர்க்குக்குப் போனது; போலித் தளங்களை அடையாளம் காட்டும் ஸ்பேம் மதிப்பீட்டையும் கணக்கில் சேர்த்தது. அப்போது ஏராளமான தளங்கள் ஒரே நாளில் இறங்கின. இணைப்புகளைக் காசுக்கு வாங்கி எண்ணை ஏற்றியிருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இழந்தார்கள். அன்று காலை கூகுளில் யாருடைய இடமும் அதனால் மாறவில்லை. அதையே வேறு வார்த்தையில் சொன்னால், மோஸ் தன் அலுவலகத்துக்குள் ஒரு கணக்கைத் திருத்தியது, அவ்வளவுதான்.

ஏஹெச்ரெஃப்ஸின் டிஆர் எப்படிப் போடப்படுகிறது என்பதை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். படித்து வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். உங்களுக்கு நோஃபாலோ (இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) இல்லாத இணைப்பு ஒன்றாவது கொடுக்கும் தனித்தனி டொமைன்கள் எத்தனை, அந்த டொமைன்களின் டிஆர் எவ்வளவு, அவை ஒவ்வொன்றும் மொத்தம் எத்தனை டொமைன்களுக்கு இணைப்புக் கொடுக்கின்றன, இவ்வளவுதான் கணக்கு. ஒரே தளம் உங்களுக்குப் பத்து இணைப்புக் கொடுத்தாலும் ஒன்றுதான். மூன்றாவது விஷயத்தைக் கவனியுங்கள். உங்களுக்கு இணைப்புக் கொடுத்த ஒரு செய்தித்தளம் இன்று கூடுதலாக ஆயிரம் தளங்களுக்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கினால், உங்கள் பங்கு சுருங்குகிறது. அவர்கள் உங்களை நீக்கவில்லை, நீங்களும் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் டிஆர் இறங்கும். இந்தக் கணக்கில் உங்கள் தளத்துக்கு யார் வருகிறார்கள், எழுத்து நன்றாக இருக்கிறதா, அது தமிழா ஆங்கிலமா என்பதற்கு இடமே இல்லை.

செம்ரஷ் வேறு மாதிரி. அவர்கள் இணைப்புகளின் பலத்தோடு, தேடல் வழியாக வரும் வாசகர் எண்ணிக்கையின் மதிப்பீட்டையும் ஸ்பேம் அறிகுறிகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் கூகுளில் உங்கள் இடம் சரிந்து வருகை குறைந்தால், அதன் பிறகு அத்தாரிட்டி ஸ்கோர் இறங்கும். அறிக்கை எழுதுகிறவர் இதைத் தலைகீழாகத் திருப்பி, "ஸ்கோர் இறங்கியதால் உங்கள் இடம் போயிற்று" என்று எழுதிவிடுவார். நோய் வந்த பிறகு தோன்றிய அடையாளத்தை நோய்க்குக் காரணமாக்குவது இது. கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. தெரிந்தவர்கள் அதைச் சொல்லித்தர வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் மதிப்பெண் இறங்கினால் கண்டுகொள்ளவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்லண்ட்ஸில் டியூஷன் நிலையம் நடத்தும் ஒரு தமிழாசிரியரின் தளத்தில் நடந்தது நேர்மாறானது. பல ஆண்டுகளாக அவர் தமிழ் வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சிப் பக்கங்களை இலவசமாகப் போட்டுவந்தார். பெற்றோர்களின் வலைப்பூக்கள், வேறு ஆசிரியர்களின் தளங்கள், சமூக அமைப்புகளின் பக்கங்கள் எல்லாம் அவற்றுக்கு இணைப்புக் கொடுத்திருந்தன. யாரும் கேட்டு வாங்கிய இணைப்புகள் இல்லை அவை. பயன்பட்டதால் தானாக வந்தவை. பிறகு தளத்தை அழகாகப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். புதுப்பித்தவர்கள் எல்லாப் பக்கங்களின் முகவரியையும் மாற்றிவிட்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் எதையும் போடவில்லை. பழைய இணைப்பை அழுத்தினால் 404, பக்கம் இல்லை.

இங்கே மூன்று கருவிகளிலும் மதிப்பெண் இறங்கியது. போட்டித் தளங்கள் இறங்கவில்லை. சர்ச் கன்சோலில் கிளிக்குகளும் அதே சமயத்தில் சரிந்திருந்தன. மூன்றும் ஒத்துப்போனால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். சார் பழைய முகவரிகளின் பட்டியல் எதுவும் வைத்திருக்கவில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற காப்பகத்தில் தளத்தின் பழைய பிரதியைத் தேடியெடுத்தோம். சர்ச் கன்சோலில் காணாமல்போன பக்கங்களின் பட்டியலையும் இணைப்புகள் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பழைய முகவரிக்கும் சரியான புதிய பக்கம் எது என்று இருவரும் உட்கார்ந்து பொருத்தினோம். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அது பயன் தராது. வாய்மொழிப் பயிற்சியைத் தேடி வந்த அம்மாவுக்கு வாய்மொழிப் பயிற்சிதான் கிடைக்க வேண்டும். இந்தத் திருப்பிவிடுதலை முடிந்தவரை நீண்ட காலம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள் என்று கூகுள் சொல்கிறது. எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கிளிக்குகள் மெல்ல மெல்லத் திரும்பின. மதிப்பெண் எப்போது ஏறியது என்று நான் பார்த்து வைக்கவில்லை, சாரும் கேட்கவில்லை. சேர்க்கை விசாரிக்கும் போன் மறுபடி வரத் தொடங்கியிருந்தது.

ஆக, என் வழக்கம் இதுதான். மதிப்பெண் இறங்கினால் அதே நாளில் போட்டியாளர்களின் எண்ணையும், வேறொரு கருவியின் எண்ணையும், சர்ச் கன்சோலையும் பார்ப்பேன். போட்டியாளர்கள் இறங்காமல், மற்றக் கருவியின் எண்ணும் சர்ச் கன்சோலின் கிளிக்குகளும் இறங்கியிருந்தால் மட்டும் தளத்தைத் தோண்டுவேன்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்த மதிப்பெண்ணின் மாற்றம் கூகுளை அசைக்காது. மனிதர்களை அசைக்கும். அந்த மனிதர்கள் எடுக்கும் முடிவுதான் பிறகு கூகுளை அசைக்கிறது. பல ஒப்பந்தங்களில் "ஆறு மாதத்தில் டிஏ 30" என்று இலக்கு எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதிவிட்டால், வேலை செய்கிறவர் அந்த எண்ணை ஏற்றும் வேலையைத்தான் செய்வார். இணைப்பு விற்கும் தளங்களில் டிஆர் அளவுப்படி விலைப்பட்டியல் இருக்கிறது, அங்கே வாங்குவார்கள். காலாவதியான ஏதோ ஒரு நாட்டு டொமைனை வாங்கி உங்கள் தளத்துக்குத் திருப்பிவிடுவார்கள். எண் ஏறும், அறிக்கையில் பச்சை அம்பு வரும்.

கூகுளின் பக்கம் இதே செயல் எப்படித் தெரிகிறது? காசு கொடுத்து இணைப்பு வாங்கித் தரவரிசையைத் தூக்க முயல்வது அவர்கள் விதிகளில் லிங்க் ஸ்பேம். 2012 ஏப்ரலில் பென்குவின் என்ற கூகுள் புதுப்பிப்பு வந்தபோது இப்படி இணைப்புச் சேர்த்த தளங்கள் அப்படியே மூழ்கின. 2022 டிசம்பர் புதுப்பிப்பில் ஸ்பேம்பிரெய்ன் என்ற அமைப்பைக் கொண்டு இத்தகைய இணைப்புகளின் மதிப்பைச் செல்லாததாக்கத் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் காலாவதியான டொமைன்களை வாங்கித் தவறாகப் பயன்படுத்துவதையும் விதியில் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். பெரும்பாலும் தண்டனை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய இணைப்புக்கு மதிப்பு பூஜ்யம் ஆகிவிடும். மோசமான நிலையில் கைமுறை நடவடிக்கை, அதாவது கூகுள் ஊழியரே பார்த்துப் போடும் தண்டனை வரும், தளம் தேடலிலேயே காணாமல்போகும். ஈசூன் அக்காவின் அடுப்புக் காசு இதில் ஏதாவது ஒன்றுக்குத்தான் போயிருக்கும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கிறவரிடம், அவர் தொழிலோடு தொடர்பே இல்லாத ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமே இல்லை.

"டாக்ஸிக் லிங்க்", அதாவது கெடுதல் செய்யும் இணைப்பு என்று சொல்லி, அதைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ செய்யக் காசு கேட்பதும் இதே குடும்பம். அந்த வசதியைக் கூகுள் 2012இல் கொண்டுவந்தது. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையே இல்லை என்று சொல்வதும் கூகுள்தான். கைமுறை நடவடிக்கை அறிவிப்பு வராத தளத்தில் நான் அதைத் தொடுவதில்லை.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: அப்படியானால் கூகுளிடம் ஒரு தளத்தின் மொத்த மதிப்பு என்று எதுவுமே இல்லையா? 2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் 2,500 பக்கங்களுக்கு மேல் வெளியே கசிந்தன. மோஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ராண்ட் ஃபிஷ்கின்தான் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அதில் "சைட்அத்தாரிட்டி" என்ற பெயரிலேயே ஒரு புலம் (தரவுப் பட்டியலில் ஒரு கட்டம்) இருந்தது. ஆவணங்கள் தங்களுடையவைதான் என்று கூகுளும் ஒப்புக்கொண்டது. சூழல் தெரியாமல் முடிவுக்கு வராதீர்கள் என்றும் சொன்னது. எந்தப் புலத்துக்கு எவ்வளவு எடை என்பது அந்த ஆவணத்தில் இல்லை. எனவே தளம் முழுமைக்குமான ஏதோ ஒரு மதிப்பீடு உள்ளே இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது வெளியே எந்தக் கருவியிலும் தெரிவதில்லை. மோஸ் தன் எண்ணை மாற்றினால் அது மாறுவதும் இல்லை. நல்ல தளங்களிடமிருந்து இயல்பாக வரும் இணைப்பு முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை அளக்க இந்த எண்ணை முழுதாக நம்புவதில்தான் சந்தேகம்.

அக்கம்பக்கத்துக் கடைக்கு வரைபடத் தேடல் இன்னும் முக்கியம். "அருகில் சைவ உணவு" என்று தேடினால் மேலே வரும் மூன்று கடைகளைக் கூகுள் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்துத் தேர்கிறது. கூகுளில் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் பிசினஸ் புரொஃபைலில் நேரம் சரியாக இருக்கிறதா, படங்கள் புதிதா, விமர்சனங்களுக்குப் பதில் சொல்கிறீர்களா, இவையெல்லாம் மாத அறிக்கையில் டிஏவுக்கு முன்னால் வர வேண்டியவை. ஈசூன் அக்காவின் தளத்தில் நாங்கள் செய்ததும் அடிப்படை வேலைதான். குறைந்தது எத்தனை பேருக்குச் சமைப்பார், ஒருவருக்கு எத்தனை வெள்ளி, புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் விசேஷத்துக்கு மேசையும் சூடு காக்கும் பாத்திரங்களும் கொண்டுவருவாரா, தீபாவளிக்கு எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதை எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். இதையெல்லாம் மக்கள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பக்கத்தில் இல்லை. அவர் அடிக்கடி சேர்ந்து வேலை செய்யும் திருமண அலங்காரக் கடையும் அவரும் ஒருவர் தளத்தில் மற்றவரைப் பற்றி எழுதி இணைப்புக் கொடுத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பயன்படும் இணைப்பு அது. டிஆர் கணக்கில் அதற்கு மதிப்பு மிகச் சொற்பம். ஆர்டர் வந்தது.

தமிழ்த் தளங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்பெண்களால் அதிகம் சிறுமைப்படுவது அவைதான். இங்கே ஓர் இலக்கியக் குழுவின் தளத்தைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். கதைப் போட்டி அறிவிப்புகள், நூல் வெளியீட்டுக் குறிப்புகள், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிப் பதிவுகள் என்று பல ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. அதன் டிஆர் ஒற்றை இலக்கம். ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டு விளம்பரம் கேட்டபோது, "20க்குக் கீழே உள்ள தளங்களோடு நாங்கள் சேர்வதில்லை" என்று பதில் வந்தது. ஆனால் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதை தொடர்பான தேடல்கள் பலவற்றில் அந்தத் தளம் முதல் வரிசையில் நிற்கிறது. காரணம் எளிமையானது: அந்தத் தேடலுக்குப் பதில் சொல்லும் பக்கங்களே குறைவு. போட்டியிடும் பக்கங்களுக்கும் இணைப்புகள் அதிகம் இல்லை. இருப்பவற்றில் பொருத்தமானதைக் கூகுள் எடுத்துக் காட்டுகிறது. ஆங்கிலத் தளத்தின் 60ஐயும் தமிழ்த் தளத்தின் 6ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

எண் குறைவாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது நம் கையில் இருக்கிறது. வலைப்பூக் காலத்தில் பலரின் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்தன. ஒருவர் எழுதினால் இன்னொருவர் தன் பதிவில் இணைப்புக் கொடுத்துப் பதில் எழுதுவார். அந்தப் பதிலுக்கு மூன்றாமவர் எழுதுவார். இன்று அதே உரையாடல் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பை எந்தத் தேடுபொறியும் பார்ப்பதில்லை. ஃபேஸ்புக் பதிவுகளில் பெரும்பகுதி உள்நுழைந்தால்தான் தெரியும், அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகளும் நோஃபாலோ. நிகழ்ச்சிக்கு இருநூறு பேர் வந்து, எல்லாரும் படம் போட்டு, எல்லாரும் பாராட்டி எழுதியும், திறந்த இணையத்தில் அதற்கு ஓர் இணைப்புகூட இல்லாமல் போகிறது. ஐந்து ஆண்டு கழித்து ஒரு மாணவி தேடினால் எதுவும் கிடைக்காது. டிஆர் ஏறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. தேடுகிறவருக்கு வழி இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்குச் சொந்தமாக ஒரு வலைப்பூவோ தளமோ இருந்தால், மற்றவர் எழுதியதைக் குறிப்பிடும்போது அவர் பக்கத்துக்கே இணைப்புக் கொடுங்கள்.

அந்தக் குழுவுக்கு இப்போது .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் முகவரி வாங்கும் யோசனை இருக்கிறது. 2011 முதல் சிங்கப்பூருக்கு .sg போலவே தமிழிலும் சீனத்திலும் சொந்த முகவரி முடிவுகள் இருக்கின்றன என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. "புது டொமைன் வாங்கினா அத்தாரிட்டி பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும், வேண்டாம்" என்று கூட்டத்தில் ஒருவர் அக்கறையோடு எச்சரித்தார். கருவிகளின் கண்ணில் சில காலம் அப்படித்தான் தெரியும். பழைய முகவரியை விடாமல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் 301 மூலம் புதியதற்குத் திருப்பிவிட்டால், வாசகரும் கூகுளும் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று விளக்கினேன். செயலவை ஒப்புக்கொண்டது.

அந்த மாற்றத்துக்கு முன் பழைய இணைப்புகளைச் சரிசெய்துவிட வேண்டும். குழுவின் தளம் முன்பே ஒருமுறை இடம் மாறியிருக்கிறது, அப்போது பல பக்கங்கள் அறுந்துபோயின. தேசிய நூலக வாரியம் 2019 முதல் சட்டப்படி .sg தளங்களைச் சேகரித்துவருகிறது. அந்த இணையக் காப்பகத்திலும் வேபேக் மெஷினிலும் தேடிக்கொண்டிருக்கிறேன். 2000களில் சிங்கப்பூர்த் தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றி வலைப்பூ எழுதியவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி: உங்கள் பழைய பதிவுகளைத் திறந்து, அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகளை அழுத்திப் பாருங்கள். 404 வந்தால் அந்த முகவரியை அப்படியே பிரதியெடுத்துக் கீழே போடுங்கள். எங்கள் குழுவின் பக்கமாக இருந்தால் உரிய இடத்துக்குத் திருப்பிவிடுகிறேன். வேறு தமிழ் அமைப்பின் பக்கமாக இருந்தால் அவர்களிடம் எடுத்துச் சொல்கிறேன், செய்யத் தெரியவில்லை என்றால் உட்கார்ந்து செய்தும் தருகிறேன்.